டாக்சிக்காரரும் தகரத் தகடும்

நியூயார்க் நகரைக் காட்டும் எந்தப் படத்திலும் மஞ்சள் டாக்சி ஒன்று கண்டிப்பாக வந்து போகும். அதன் பானெட் மேல் ஒரு சிறிய தகரத் தகடு பொருத்தியிருப்பார்கள். அதற்கு மெடாலியன் என்று பெயர். 2014இல் அந்தத் தகடு ஒன்றின் விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது! 2018இல் ஏறக்குறைய இரண்டு லட்சத்துக்கு இறங்கிவிட்டது. தகரத்துக்கு எப்படி இந்த விலை வந்தது? அது விழுந்தபோது நசுங்கியது யார்? பார்ப்போம்.

தகடு பிறந்த கதை

நியூயார்க்கில் மீட்டர் வைத்த பெட்ரோல் டாக்சிகளை 1907இல் ஹாரி ஆலன் என்பவர் ஓடவிட்டார். பிரான்ஸிலிருந்து 65 கார்களை இறக்குமதி செய்து தொடங்கிய தொழில் அது. 1929இல் பங்குச்சந்தை சரிந்து பொருளாதார மந்தம் வந்தது. வேலை போனவர்கள் பலரும் டாக்சி ஓட்ட வந்தார்கள். வண்டிகள் பெருகின, சவாரி குறைந்தது. நாள் முழுக்க ஓட்டினாலும் கையில் ஒன்றும் நிற்கவில்லை. 1934இல் ஓட்டுநர்கள் பெரிய வேலைநிறுத்தமே செய்தார்கள்.

இதன்பிறகு 1937இல் வந்ததுதான் ஹாஸ் சட்டம். டாக்சிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினார்கள். மெடாலியன் உள்ள வண்டி மட்டுமே தெருவில் கைகாட்டுபவரை ஏற்றலாம். கட்டணம் வெறும் 10 டாலர். போட்டி குறைந்தால் ஓட்டுநருக்கு வருமானம் கூடும் என்பது கணக்கு.

ஆனால் அந்தத் தகட்டை விற்கலாம், வாங்கலாம் என்று விட்டுவிட்டார்கள். பல பத்தாண்டுகளுக்கு 11,787 தகடுகளே இருந்தன. ஊர் வளர்ந்தது, தகடு வளரவில்லை. விலை ஏறாமல் என்ன செய்யும்?

வாரமும் குத்தகையும்

நம் ஊர் விவசாயத்தில் இரண்டு முறைகள் உண்டு. விளைந்ததில் நில உரிமையாளருக்கு ஒரு பங்கு கொடுப்பது வாரம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவைக் கொடுப்பது குத்தகை. வாரத்தில் நஷ்டம் இருவருக்கும். குத்தகையில் நஷ்டம் உழுபவனுக்கு மட்டும்.

டாக்சித் தொழிலிலும் இதேதான் நடந்தது. முன்பு பெரிய கம்பெனி வண்டியை ஓட்டியவருக்கு மீட்டரில் விழுந்ததில் ஒரு பங்கு கிடைத்தது. தொழிற்சங்கம் இருந்தது, மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் இருந்தன. 1979இல் வண்டியை ஷிப்டுக்கு வாடகைக்கு விடலாம் என்று விதி மாறியது. அதன்பின் ஓட்டுநர் கம்பெனியின் தொழிலாளி இல்லை, தனி ஆள். 12 மணி நேர ஷிப்டில் வாடகையும் பெட்ரோல் காசும் எடுத்த பிறகு மிஞ்சுவதே கூலி. சவாரி கிடைக்காத நாளில் கைக்காசு போகும்.

அந்தக் காலத்தில் இந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வங்கதேசம், பாகிஸ்தான், இந்தியா, ஹெய்ட்டி போன்ற நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். குத்தகையிலிருந்து தப்ப ஒரே வழி சொந்தத் தகடு வாங்குவது என்று அவர்கள் நினைத்தார்கள். கடன் கொடுக்க நிறுவனங்களும் தயாராக நின்றன. வட்டி மட்டும் கட்டினால் போதும், சில வருடம் கழித்துக் கடனைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற வகைக் கடன்கள். நகர நிர்வாகமே புதிய தகடுகளை ஏலம் விட்டு, நல்ல முதலீடு என்று விளம்பரமும் செய்தது.

சரிவு

2011இல் ஊபர் நியூயார்க்குக்கு வந்தது. முன்பதிவு செய்து அழைக்கும் வண்டிகளுக்கு ஹாஸ் சட்டத்தின் வரம்பு கிடையாது. செல்போனில் அழைப்பதும் முன்பதிவுதானே! 2018க்குள் அப்படிப்பட்ட வண்டிகள் 80,000ஐத் தொட்டன. மஞ்சள் டாக்சிகளோ 13,587 மட்டுமே. தகட்டின் விலை சரிந்தது, கடன் அப்படியே நின்றது. 2018இல் ஓட்டுநர்கள் பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். தகட்டுக் கடனில் மூழ்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

பைரவி தேசாய் தலைமையில் 1998 முதல் இயங்கிவரும் நியூயார்க் டாக்சி ஓட்டுநர் சங்கம் தெருவில் இறங்கியது. 2021 அக்டோபர் 20 அன்று நகர மன்றத்தின் முன் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அதில் பங்கேற்ற மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஸோரான் மம்தானி 2025இல் நகரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நவம்பர் 3 அன்று நிர்வாகம் இறங்கி வந்தது. முக்கியக் கடன் நிறுவனத்தோடு செய்த ஏற்பாடு 2022இல் நடைமுறைக்கு வந்தபோது, கடன் 1,70,000 டாலராகக் குறைந்தது. மாதத் தவணை 1,234 டாலருக்கு மேல் போகாது. தவணை தவறினால் நகரம் பொறுப்பு.

எங்கே தவறியது?

1937 சட்டத்தின் நோக்கம் நல்லதுதான். ஆனால் அது காத்தது தகட்டை, ஓட்டுநரின் கூலியை அல்ல. வண்டி குறைவாக இருந்ததால் வந்த லாபம் முதலில் தகட்டின் சொந்தக்காரருக்குப் போனது, பிறகு கடன் கொடுத்தவருக்குப் போனது. ஓட்டியவருக்கு வாடகையும் வட்டியும்தான் மிச்சம்.

2018இல் நகரம் வேறொரு வழியையும் முயன்றது. செல்போன் வழி ஓடும் வண்டிகளுக்கு வரம்பு வைத்ததோடு, அவற்றின் ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் நிர்ணயித்தது. செலவு போக மணிக்கு 17.22 டாலர். கூலியைக் காக்க வேண்டுமானால் கூலிக்கே சட்டம் போட வேண்டும் என்பது புரிய 81 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன!