மருந்தும் உணவும் கர்ப்ப காலமும்: நாம் கவனிக்க வேண்டியவை

மருந்துக் கடையில் மாத்திரை அட்டையின் மேல் பேனாவால் 1-0-1 என்று எழுதித் தருகிறார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. அது சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, பாலோடு விழுங்கலாமா, கர்ப்பமாக இருக்கும் மகளோ மருமகளோ அதைச் சாப்பிடலாமா என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. நல்ல மருந்தும் தவறான வேளையில் எடுத்தால் பலன் குறையும். சில சமயம் கேடும் செய்யும்.

சாப்பாட்டுக்கு முன்

வெறும் வயிறு என்றால் பொதுவாகச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ என்று பொருள். தைராய்டு குறைபாட்டுக்கான தைராக்சின் மாத்திரையைக் காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, வெறும் தண்ணீரில் எடுக்க வேண்டும். டீ, காபியோடு எடுத்தால் மருந்து உடலில் சரியாகச் சேராது. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்றவற்றைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எடுப்பது வழக்கம்.

சாப்பாட்டோடு அல்லது சாப்பாட்டுக்குப் பின்

டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கக் கூடியவை. வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினை உணவோடு எடுத்தால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் குறையும். கிளிமிபிரைடு வேறு வகை. அதை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி, வியர்வை, நடுக்கம், மயக்கம் வரை போகலாம்.

பால், டீ, கீரை

சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக் மருந்துகள் பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியத்தோடு ஒட்டிக்கொள்வதால் ரத்தத்தில் சேரும் அளவு குறைகிறது. இரும்புச் சத்து மாத்திரையோடு டீ, காபி, பால் கூடாது. எலுமிச்சைச் சாறு நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் நிறைய, மறு வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றாமல், ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

கர்ப்ப காலத்தில்

1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. பல நாடுகளில் கர்ப்பிணிகள் மசக்கைக்கும் அதை எடுத்தார்கள். 1961-இல் அது திரும்பப் பெறப்படுவதற்குள் பல்லாயிரம் குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்துவிட்டன. தாய் விழுங்கும் மருந்து கருவையும் சேரும் என்பதை உலகுக்கு உணர்த்திய துயரம் அது.

கருவின் உறுப்புகள் உருவாவது முதல் மூன்று மாதங்களில். அதிலும் முதல் சில வாரங்களில் பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டிய மருந்துகள் சில:

- வலிப்புக்கான வால்புரோயேட்
- முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின்
- ரத்த அழுத்தத்துக்கான எனாலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன்
- மூட்டு வாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட்
- வார்ஃபரின்

டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை 20 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. குழந்தையின் சிறுநீரகத்தையும் இதயத்தையொட்டிய ரத்த ஓட்டத்தையும் அவை பாதிக்கலாம்.

பயந்துபோய் மருந்தைத் தாமாகவே நிறுத்துவதும் இதே அளவு ஆபத்து. வலிப்பு மருந்தை நிறுத்தினால் வலிப்பு வரலாம்; அது தாய்க்கும் சேய்க்கும் கேடு. தைராக்சின் அளவைக் கர்ப்பத்தில் பெரும்பாலும் கூட்டத்தான் வேண்டியிருக்கும். ரத்த அழுத்தத்துக்குக் கர்ப்பிணிகளுக்கு ஏற்ற மருந்துகள் இருக்கின்றன. எதை மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

நம் நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்புச் சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை, நான்காம் மாதம் முதல் 180 நாட்களுக்குத் தரப்படுகிறது. மலம் கறுப்பதைக் கண்டு நிறுத்திவிட வேண்டாம், அது இயல்புதான். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்க்காமல், குறைந்தது 2 மணி நேரம் தள்ளி, உணவோடு எடுக்க வேண்டும்.

கருஞ்சீரகம், நாட்டு மருந்து, லேகியம் ஆகியவையும் கணக்கில் வரும். சமையலில் சேர்க்கும் அளவு வேறு, மருந்தாக அள்ளி எடுப்பது வேறு. இயற்கையானது என்பதாலேயே கருவுக்குப் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

நோன்பு நாட்களில்

மூன்று வேளை மருந்தை ஸஹரிலும் இஃப்தாரிலுமாக நாமே இரண்டாகப் பிரித்துக்கொள்வது தவறு. ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்தால், அளவையும் நேரத்தையும் அவர் மாற்றித் தருவார். கர்ப்பிணிகளுக்கும் நோயாளிகளுக்கும் மார்க்கத்தில் சலுகை இருப்பதை வீட்டிலுள்ளவர்கள் நினைவில் வைக்க வேண்டும். சங்கடப்பட்டு அவர்கள் மருந்தை விடும்படி ஆகிவிடக் கூடாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

- இது சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? எவ்வளவு நேரம்?
- எந்த உணவை, எந்த மாத்திரையைத் தள்ளி வைக்க வேண்டும்?
- ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது? (அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடுவது மட்டும் கூடாது.)
- கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ எடுக்கலாமா?
- இதை உடைத்தோ பொடித்தோ கொடுக்கலாமா?

அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. போன முறை மிஞ்சியதையும், பக்கத்து வீட்டில் ஒருவருக்குக் குணமானதையும் எடுத்துக் கொடுக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும். எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுவோம். மாதவிடாய் தள்ளிப் போயிருந்தால், எந்த மாத்திரைக்கும் முன்பு அதை முதலில் சொல்வோம்.