சேலம் கோதாவரி எத்தனை கட்டையில் பாடினார்? பழைய இசைத்தட்டை கம்ப்யூட்டர் ஆராய்வது எப்படி?

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமபோன் தட்டுகளில் பாடிப் பெயர் வாங்கியவர் சேலம் கோதாவரி. இன்று சேலத்திலோ, பக்கத்தில் உள்ள அயோத்தியாப்பட்டணத்திலோ அந்தப் பெயரைச் சொன்னால் 'யாருங்க அது?' என்று கேட்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். ஆனால், இசை வரலாற்றில் ஆய்வு செய்யும் மாணவருக்கு இந்த மாதிரி தட்டுகள் பெரிய ஆதாரம். அந்தக் காலப் பாட்டைப் பற்றி மற்றவர்கள் எழுதி வைத்தது வேறு. பாடியவரின் குரலே கையில் இருப்பது வேறு இல்லையா?

கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

முதலில் தட்டை டிஜிட்டல் ஃபைலாக மாற்றுவார்கள். பிறகு, நொடியின் சிறு சிறு துண்டுகளில் குரலின் சுருதி எங்கே நிற்கிறது என்று மென்பொருள் அளக்கும். ஆதார ஷட்ஜம் எது என்று கண்டுபிடித்துவிட்டால், மற்ற சுரங்கள் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பது தெரிந்துவிடும். கமகம் வளைகோடாகத் திரையில் வரும். ஒரே ராகத்தை அன்று எப்படி அசைத்துப் பாடினார்கள், இன்று எப்படிப் பாடுகிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சிக்கல் எங்கே?

வேகத்தில்தான். '78 ஆர்பிஎம்' என்று சொன்னாலும், ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. 78-ல் ஓட்ட வேண்டிய தட்டை 82-ல் ஓட்டினால் கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். அதாவது, ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடியது போலக் கேட்கும், தாளமும் வேகமாகும். 'அந்தக் காலத்தில் எல்லோரும் உச்ச சுருதியில் பாடினார்கள்' என்று தட்டை மட்டும் கேட்டுச் சொல்வது ஆபத்து. நல்லவேளை, வேகம் மாறினாலும் சுரங்களுக்கு இடையே உள்ள விகிதம் மாறாது. அதனால் ராக ஆய்வு தப்பித்துவிடுகிறது.

ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் என்பதையும் மறக்கக்கூடாது. கச்சேரியில் விரிவாகப் பாடுவதைச் சுருக்கித்தான் பாடியிருப்பார்கள். 1920-களின் நடுப்பகுதி வரை மைக் வைத்துப் பதிவு செய்யும் முறையும் வரவில்லை. புனல் போன்ற குழாயைப் பார்த்துப் பாட வேண்டும். மெல்லிய சத்தங்கள் சரியாக ஏறாது.

இதைச் செய்தவர்கள் யார்?

பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011-ல் 'காம்ப்மியூசிக்' திட்டம் தொடங்கியது. கர்நாடக இசை உட்பட ஐந்து இசை மரபுகளைக் கணினி வழியில் ஆராய்ந்த இதில், சென்னை ஐஐடி குழுவும் பங்கேற்றது. இந்தக் கருவிகள் பலவும் இலவசம். ஒரு லேப்டாப் போதும்.

வீட்டுப் பரணில் பழைய தட்டு இருக்கா?

கையில் கிடைத்த ஊசியை வைத்து ஓட்டிப் பார்க்காதீங்க, தட்டின் வரி தேய்ந்துவிடும். லேபிளை போட்டோ எடுங்க. லேபிளை ஒட்டிய பகுதியில் பொறித்திருக்கும் எண்ணையும் அப்படியே எழுதி வையுங்க. எப்போது பதிவானது என்று ஆய்வாளர்கள் தேடுவது அந்த எண்ணை வைத்துத்தான்.