டெமராராத் துறையில் சென்னைக் கப்பல்கள்

தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், டெமராரா ஆறு அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கும் இடத்தில் அமைந்துள்ள ஜார்ஜ்டவுன், அக்கண்டத்தில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே நாடான கயானாவின் தலைநகரமாகும். ஆற்றுவாயில் ஓயாது படியும் சேற்றினால் அத்துறையில் பெரிய கப்பல்களுக்குப் போதிய ஆழம் இல்லை. சிறிய உல்லாசக் கப்பல்களில் வந்து ஒரு பகல் மட்டும் கரையில் இருந்துவிட்டுப் போகும் பயணிகளுக்குக் காட்டப்படுபவை பெரும்பாலும் ஸ்டாப்ரூக் சந்தை, மரத்தாலான புனித ஜார்ஜ் பேராலயம், நகரமன்றம், கடற்சுவர், தாவரவியல் பூங்கா ஆகியவையே. டச்சுக்காரரையும் ஆங்கிலேயரையும் நினைவூட்டும் இவற்றுள் ஒன்றேனும், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னையிலிருந்து புறப்பட்டு இதே ஆற்றுவாய்க்குள் நுழைந்த சுமார் 15,000 பேரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இந்நகரம் ஐரோப்பிய அரசுகளுக்கிடையே பலமுறை கைமாறியது. 1782இல் பிரெஞ்சுக்காரர் இங்கு ஒரு குடியிருப்பைத் தொடங்கினர். 1784இல் டச்சுக்காரர் அதற்கு ஸ்டாப்ரூக் என்று பெயரிட்டனர். 1812இல் ஆங்கிலேயர் தம் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை அதற்குச் சூட்டினர். ஆட்சிகள் மாறியபோதும் டச்சுக்காரர் வகுத்த கால்வாய்களும் தெருக்களும் அப்படியே நிலைத்தன. அவை இல்லாமல் அங்கு ஊரே இருந்திருக்க முடியாது.

ஏனெனில் கயானாவின் கடலோரச் சமவெளி, கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலம். ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் அணைகட்டி, உள்ளே தேங்கும் நீரைக் கால்வாய்களில் திரட்டி, கடல் வற்றும் வேளையில் மட்டும் வெளியே விடுவதற்காக, உயர்ந்த மரச்சட்டத்தில் தொங்கவிட்ட கனத்த கதவைச் சுழல்பொறியால் ஏற்றியிறக்கும் அமைப்பு ஒன்று அங்கு உண்டு. டச்சு வழக்கையொட்டி அதைக் கோக்கர் என்பர். கடல் வற்றும்போது கதவைத் தூக்குவதும் ஏறும்போது இறக்குவதும் அதன் காவலாளியின் வேலை. திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூர் வட்டார உழவருக்கு மதகு என்றால், ஏரியில் தேக்கிய மழைநீரை வயலுக்கு அளந்து விடும் வாய். மழை பொய்த்தால் பயிர் கருகும் அந்த மேட்டுநிலத்தில் வேளாண்மையின் சூட்சுமமெல்லாம் நீரைப் பிடித்துவைப்பதில் இருக்க, டெமராராவிலோ அது நீரை வெளியேற்றுவதில் இருந்தது. ஏரிப்பாசனச் சீமையிலிருந்து வந்த ஒருவர் அங்கு முதலில் மறக்க வேண்டியிருந்தது தாம் அறிந்த வேளாண்மையையே.

ஒரு சதுர மைல் கரும்புக்கு 49 மைல் நீள வடிகால்களும், பாசனத்துக்கும் போக்குவரத்துக்குமான 16 மைல் உயர்மட்ட நீர்வழிகளும் தேவைப்பட்டன என்று 1940களின் இறுதியில் சர்க்கரைத் தொழிலை ஆராய்ந்த வென் ஆணையம் கணக்கிட்டது. இக்கரையோரத்தை உருவாக்க ஆப்பிரிக்க அடிமைகள் மண்வெட்டியைக் கொண்டே பத்துக் கோடி டன் சேற்று மண்ணையாவது வாரியிருக்க வேண்டும் என்பது, ஜார்ஜ்டவுனில் பிறந்து அங்கேயே 1980இல் கொல்லப்பட்ட வரலாற்றறிஞர் வால்டர் ராட்னியின் மதிப்பீடு. பயணிகள் மாலையில் காற்று வாங்கும் கடற்சுவரின் கட்டுமானம் தொடங்கிய 1850களில், அந்த மண்வெட்டிகள் இந்தியக் கூலிகளின் கைக்கும் வந்திருந்தன.

அந்த மாற்றம் தொடங்கிய இடத்தை ஸ்டாப்ரூக் சந்தையின் படகுத்துறையில் நின்றே பார்க்கலாம். 1881இல் முடிக்கப்பட்ட அவ்விரும்புக் கட்டடத்தின் மணிக்கூண்டைப் படமெடுப்பவர்கள், ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள வ்ரீட்-என்-ஹோப் என்ற ஊரைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அது, பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை ஜான் கிளாட்ஸ்டனுக்குச் சொந்தமான கரும்புத் தோட்டமாக இருந்தது. அடிமைமுறை ஒழிந்தபின் ஆள் கிடைக்காது என்று அஞ்சிய அவர், 1836இல் கல்கத்தா வணிக நிறுவனம் ஒன்றுக்கு எழுதிக் கூலிகளைக் கேட்டார். அதன் பயனாக விட்பி, ஹெஸ்பெரஸ் என்னும் இரு கப்பல்கள் 1838 மே 5 அன்று கயானாவை வந்தடைந்தன. வந்தவர்கள் பட்ட துன்பங்களை அடிமை ஒழிப்பு இயக்கத்தின் ஜான் ஸ்கோபிள் நேரில் கண்டு வெளியிட்டதை அடுத்து ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டு, 1845இல் மீண்டும் தொடங்கியபோதுதான் சென்னையும் கூலிக் கப்பல்கள் புறப்படும் துறையாயிற்று.

அன்றைய சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில் மக்கள் அலைகளைத் தாண்டிக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி டெமராராவை அடையச் சுமார் மூன்று மாதங்கள் ஆயின. குறிப்பிட்ட ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் உழைப்பதாகக் கையொப்பமோ கைநாட்டோ இட்டு, அதை மீறினால் சிறைத்தண்டனைக்கு உள்ளாகும் இம்முறை ஒப்பந்தக் கூலிமுறை எனப்பட்டது. கூலித் தகராறுக்காகச் சிறைக்குப் போக நேரும் ஒப்பந்தத்தைச் சுதந்திர உழைப்பு என்று ஏடுகளில் எழுதிவைத்தது அக்கால ஆட்சியின் துணிச்சல் என்றே சொல்ல வேண்டும். குறைகளைச் சொல்லப் போக வேண்டிய ஜார்ஜ்டவுன் குடியேற்ற அலுவலகத்துக்கு, அங்கு நெடுங்காலம் தலைமை வகித்த ஜேம்ஸ் கிராஸ்பியின் பெயரையே இந்தியர்கள் இட்டு வழங்கினர். அவருக்குப் பின் வந்தவர்களும் அவர்கள் வாயில் கிராஸ்பிகளே.

சென்னை ஆட்கள் ஊர்சுற்றிகள், வேலைக்கு ஆகாதவர்கள் என்று தோட்ட முதலாளிகள் குறைகூறிக் கல்கத்தா ஆட்களையே விரும்பியதாலும், இலங்கையும் மொரீசியசும் தமிழ் உழைப்பாளரைப் பெருமளவில் ஈர்த்ததாலும், 1860களின் தொடக்கத்தோடு சென்னைக் கப்பல்கள் ஏறக்குறைய நின்றுபோயின. 1917 வரை கயானாவுக்கு வந்த சுமார் 2,39,000 இந்தியருள் தமிழரும் தெலுங்கரும் சிறுபான்மையாகவே நின்றதற்கு இதுவே காரணம்.

அக்காலத்தில் கீழ்பென்னாத்தூர் அடங்கிய திருவண்ணாமலை வட்டம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல்தான் அது வடார்க்காட்டுடன் சேர்க்கப்பட்டது. செஞ்சி வழியாகக் கிழக்கே செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூருக்குச் சென்னையைவிடப் புதுச்சேரியே அருகிலுள்ள துறை. 1861ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பிரிட்டிஷ் இந்தியக் குடிகளையும் ஆள்பிடித்து அனுப்பும் உரிமை பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தபின், புதுச்சேரியும் காரைக்காலும் தென் அமெரிக்காவின் மற்றொரு துறையான கயேனுக்குக் கூலிகளை அனுப்பின. பிரெஞ்சு கயானாவின் தலைநகரான அங்கு வந்தவர்களுள் பலர் கரும்புத் தோட்டங்களுக்கன்றித் தங்கச் சுரங்கக் காடுகளுக்கு அனுப்பப்பட்டு மடிந்ததால், 1870களின் பிற்பாதியில் பிரிட்டிஷ் அரசு அவ்வேற்றுமதியைத் தடைசெய்தது.

ஜார்ஜ்டவுனில் இந்தியர் வருகைக்கென அமைந்த நினைவுச் சின்னத்தில் நிற்பதும் கல்கத்தாவிலிருந்து வந்த விட்பியின் உருவமே. சென்னையின் தடம் வேண்டுவோர் தலைநகரிலிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், பெர்பிஸ் ஆற்றைக் கடந்து, ஆல்பியன், விம் முதலிய ஊர்களுக்குப் போக வேண்டும். ஒரு பகல் பயணத் திட்டத்தில் அது அடங்காது. தமிழ்மொழி பேச்சில் மறைந்துவிட்ட அவ்வூர்களில் மாரியம்மனும் காளியும் மதுரை வீரனும் சங்கனிக் கருப்பும் இன்றும் வழிபடப்படுகின்றனர். வேப்பிலையும் மஞ்சள்நீரும் கரகமும் உண்டு; அடிக்கப்படுவது தப்பு, அதன் பெயரும் அங்கு தப்புதான். அருள் வந்து ஆடுபவரை ‘மார்லோ’ என்கின்றனர். மருளாளி என்பதன் தேய்வாக அது இருக்கலாம். ‘மதராசி’ சமயம் என்று வடஇந்திய மரபினரால் நெடுங்காலம் தாழ்வாகப் பேசப்பட்ட இவ்வழிபாடு, அவ்விகழ்ச்சியைத் தாங்கி நின்றதோடு, பிற இனத்தாரையும் தன்பால் ஈர்த்தது. விம் கிராமத்தில் பிறந்து 2015 முதல் 2020 வரை நாட்டின் பிரதமராக இருந்த மோசஸ் நாகமுத்து, அவ்வூர் மதராசிகளின் வாழ்வை ‘ஹெண்ட்ரீஸ் க்யூர்’ என்ற புதினமாக எழுதியுள்ளார்.

கயானா உள்ளிட்ட நான்கு நாடுகளின் இந்திய ஒப்பந்தக் கூலி ஆவணங்களை யுனெஸ்கோ 2011இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஜார்ஜ்டவுனில் அவை வால்டர் ராட்னி ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆள் அனுப்பிய சென்னை மாகாண அரசின் கோப்புகளோ எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. திருவண்ணாமலை மாவட்ட வரலாற்றை எழுதுவோர் கல்வெட்டுகளைத் தேடிப் படிக்கும் அக்கறையில் ஒரு பங்கையேனும் இக்கோப்புகளில் செலுத்தி, தம் ஊர்ப்பெயர்கள் அவற்றில் உண்டா என்று பார்க்க வேண்டும்.