காஸ்மாபாலிட்டன் கிளப், சென்னை

வெள்ளையரும் இந்தியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசவும் சீட்டாடவும் இடம் வேண்டும் என்று 1873இல் சென்னையில் தொடங்கப்பட்ட மன்றம். முதலில் நுங்கம்பாக்கம் மூர்ஸ் கார்டன்ஸில் இயங்கியது. 1882இல் மவுண்ட் ரோட்டுக்கு, இன்றைய அண்ணா சாலைக்கு, வந்தது. நந்தனத்தில் இதற்கு கோல்ஃப் மைதானமும் உண்டு.

இது பிறந்த காரணம் அதே மவுண்ட் ரோட்டில் இருந்தது. 1832இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் கிளப் அன்று வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இந்தியர் அங்கே பரிமாறலாம், வண்டி ஓட்டலாம், உறுப்பினராக முடியாது. 1890இல் எழுந்த அடையாறு கிளப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. நிறத்தில் அதுவும் விட்டுக்கொடுக்கவில்லை. 1870களின் கடைசியில் தி. முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். வெள்ளையரின் வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி வந்துவிட்டது, அவர்களோடு உட்கார்ந்து காபி குடிக்கும் தகுதி வரவில்லை. காஸ்மாபாலிட்டன் கிளப்பின் தேவையை விளக்க இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆனால் இதைச் சமத்துவக் கூடம் என்று கொண்டாடுவது மிகை. வக்கீல்கள், ஜமீன்தார்கள், அரசு உயரதிகாரிகள் போன்றோரின் உலகம் இது. அந்நாளில் நகரைச் சூழ்ந்திருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகம் சைதாப்பேட்டையில், இதே சாலை போகும் வழியில்தான், இருந்தது. அங்கே மனுவோடு காத்திருந்த குடியானவருக்கு இந்தக் கிளப்பின் கதவும் மெட்ராஸ் கிளப்பின் கதவும் ஒன்றே. நிறத்தின் சுவரைத் தாண்டியவர்கள் பணத்தின் சுவரை அப்படியே விட்டுவைத்தார்கள்.

இருந்தும் காலத்தால் இது முந்தியது. இதைப்போல் இருவரையும் சேர்த்த கல்கத்தா கிளப் 1907இல், பம்பாயின் வில்லிங்டன் கிளப் 1910களில் வந்தன. ஆப்பிரிக்கர், ஆசியர், ஐரோப்பியர் மூவரையும் சேர்த்த நைரோபியின் யுனைடெட் கென்யா கிளப் தொடங்கியது 1946இல்.

மெட்ராஸ் கிளப்போ, நாடு விடுதலை பெற்ற பிறகும் அசையவில்லை. அதன் பழைய வளாகம் பத்திரிகை அதிபர் ராம்நாத் கோயங்கா கைக்குப் போய் எக்ஸ்பிரஸ் எஸ்டேட் ஆனது. 1963இல் மெட்ராஸ் கிளப் அடையாறு கிளப்போடு இணைந்தது. இந்தியரை உறுப்பினராக ஏற்றதும் 1960களில்தான்.

வெள்ளையர் போனாலும் அவர்களின் உடை விதி பல கிளப்புகளில் தங்கிவிட்டது. 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமனைச் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்கக் கிளப் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றியது: வேட்டிக்காக ஒருவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், உரிமமும் ரத்தாகும்.