அப்பத்தாவின் குலுக்கை

புயல்னு டிவியில சொன்னா மெழுகுவத்தி, டார்ச் லைட்டுன்னு ஓடுறோம். எங்க வடுகபட்டியில அந்தக் காலத்துல ஆபத்துக்குன்னு வீட்டுல இருந்தது குலுக்கைதான்.

பட்டணத்துப் பிள்ளைகளுக்குச் சொல்றேன். களிமண்ணையும் வைக்கோலையும் மிதிச்சுப் பிசைஞ்சு, உறை உறையா ஏத்தி, ஆள் உயரத்துக்குச் செய்வாங்க. மேல்வாயில கம்பு, சோளத்தைக் கொட்டி மூடி, சாணியால மெழுகிடுவாங்க. எடுக்குறது அடியில இருக்குற ஓட்டை வழியா. அதனால பழசுதான் முதல்ல செலவாகும். வேப்பிலையும் சாம்பலும் போட்டா வண்டு அண்டாது.

புது வெள்ளாமை வீடு வந்து சேர்ற வரைக்கும் எங்க அப்பத்தா குலுக்கையை முழுசாக் காலி பண்ண விடாது. அது அவங்க அப்பத்தா பார்த்த தாது வருசப் பஞ்சத்தோட பயம். 1876ல மழை பொய்ச்சு ரெண்டு வருசம் சென்னை மாகாணமே செத்துச்சு. ஐம்பது லட்சம் பேருக்கு மேல போனாங்கன்னு கணக்கு. தானியம் இல்லாமலா? கப்பல்ல ஏத்துமதி நடந்துக்கிட்டேதான் இருந்துச்சு. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ரிச்சர்டு டெம்பிள் துரை 1877ல வச்ச கூலி, ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும். அரைக் கிலோ கூட இல்ல. அதைத் தின்னுட்டு மண்ணு வெட்டணும்.

பெரியாறு அணைப் பேச்சு முன்னாடியே இருந்தது. பஞ்சம் வந்த பிறகுதான் சர்க்கார் அசைஞ்சது. 1887ல பென்னிகுவிக் வேலையைத் தொடங்கி, 1895ல தண்ணி வந்துச்சு. கம்பம் பள்ளத்தாக்கு நெல்லு பூமியாச்சு. அப்புறம் ரேஷன் அரிசி. என் சின்ன வயசுல எங்க குலுக்கையை உடைச்சுட்டு, அந்த இடத்துல கட்டில் போட்டாங்க. மண்ணைத் தோட்டத்துக்குச் சுமந்தவன் நான்தான்.

2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறுச்சு. கடற்கரைப் புயல் நம்மள என்ன செய்யும்னு படுத்திருந்தேன். அது திண்டுக்கல், கொடைக்கானல்னு மேற்கே வந்துருச்சு. குலை தள்ளின வாழை சாஞ்சுபோச்சு. கரண்டு இல்ல, மோட்டார் ஓடல. வீட்டுக்காரி முந்தின நாளே நிரப்பி வச்ச அண்டாத் தண்ணிதான் மாட்டுக்கும் மனுசனுக்கும்.

இப்ப ரெண்டு தகர டிரம்முல கம்பு போட்டு வச்சிருக்கேன். மருமக சிரிக்கிறா. சோத்துப்பாறை அணை 126 அடியை எட்டி, வராக நதிக்கரைக்கு எச்சரிக்கைன்னு சொன்னா, முதல்ல ஆத்தோரத் தொழுவத்துக்கு ஓடி மாட்டை அவுத்து விட்டுருவேன். கட்டிப் போட்ட மாடு நீந்தாது.