ரேகையிலிருந்து ரத்தத்துக்கு

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உள்பட பதினைந்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த ஊர்ச் சனங்கள் செய்த குற்றம் ரேகை வைக்க மறுத்தது. 1871இல் வடக்கே தொடங்கி, 1911இன் திருத்தத்தோடு சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர் ‘ரேகைச் சட்டம்’. அரசு ஏட்டிலுள்ள பெயரைவிட இதுதான் பொருத்தம். சட்டம் அவர்களைத் தொட்ட இடம் விரல் நுனி.

மரபணு வங்கி பற்றிய பேச்சை இங்கிருந்து ஏன் தொடங்க வேண்டும்? விஞ்ஞானம் தன் வரலாற்றை ஆய்வுக்கூடத்திலிருந்து சொல்லத் தொடங்குகிறது. உடம்பைப் பதிவேடாக்கும் வேலையோ காலனிய அலுவலகங்களில் பழகப்பட்டது. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாயின் உள்ளங்கையை ஒப்பந்தத் தாளில் பதித்து வாங்கினார். வாய்ச்சொல்லில் நம்பிக்கையில்லை. 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பணியகம் திறக்கப்பட்டது. ரேகைகளை வகைபிரிக்கும் முறைக்கு உழைத்தவர்கள் அசிசுல் ஹக்கும் ஹேமச்சந்திர போசும். பெயர் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போனது. 1901இல் அந்த முறை லண்டன் போலீசுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் ரேகை ஒரு விஷயத்தில் ஊமை. 1892இல் அதைப் பற்றி நூல் எழுதிய பிரான்சிஸ் கால்டன், ரேகையில் இனத்தின் அடையாளத்தைத் தேடித் தோற்றார். ‘இவன் அவனேதான்’ என்று ரேகை சொல்லும். ‘யார் மகன், எந்த வகையறா’ என்று சொல்லாது. பதிவேட்டில் சாதியை எழுதியது சட்டத்தின் கைதான்.

டி.என்.ஏ. வாய் திறந்து பேசுகிறது. ஒரே தகப்பன்வழிப் பங்காளிகளான ஆண்கள் ஒய் குரோமோசோமை ஏறக்குறைய மாறாமல் சுமக்கிறார்கள். 2018இல் கலிபோர்னியாவில் பழைய தொடர்கொலைகளுக்காக ஒருவர் பிடிபட்டது, தூரத்து உறவினர்கள் தங்கள் வம்சத்தைத் தேடப் பதிந்துவைத்த மரபணுத் தகவல் வழியாகத்தான். ‘நான் ஒண்ணும் பண்ணல, எனக்கென்ன பயம்’ என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒருத்தன் எச்சில் கொடுத்தால் வகையறா முழுக்கக் கையெழுத்துப் போட்ட மாதிரி. சாதிக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வாழ்கிற சமூகத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை.

நன்மையை மறைப்பது நேர்மையாகாது. 1984இல் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டுபிடித்த இந்த முறை, முதல் கொலை வழக்கிலேயே நிரபராதி ஒருவனை விடுவித்தது. செய்யாத கொலையைச் செய்ததாக ஒப்புக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பையன் அவன். ஆனால் ஒரு வழக்குக்காக ஒப்பிட்டுப் பார்ப்பது வேறு. வங்கியில் போட்டுவைப்பது வேறு. இனி நடக்கப்போகும் குற்றத்துக்கு வங்கி இன்றைக்கே ஆள் சேர்த்துவைக்கிறது. 1995இல் தேசிய டி.என்.ஏ. தரவுத்தளம் தொடங்கிய பிரிட்டனில், 2001க்குப் பிறகு விடுதலையானவர்களின் மாதிரிகளையும் போலீஸ் வைத்துக்கொள்ள முடிந்தது. கறுப்பின இளைஞர்கள் அதில் தங்கள் மக்கள்தொகை விகிதத்தை மீறி இடம்பெற்றார்கள். பதினொரு வயதில் கைதாகி, குற்றமற்றவன் எனத் தீர்ப்புப் பெற்ற ஒரு சிறுவன் உள்பட இருவர் போட்ட வழக்கில், 2008 டிசம்பர் 4 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒருமனதாக இதைத் தவறென்றது.

பெருங்காமநல்லூர் சுடப்பட்ட அதே 1920இல்தான் கைதிகள் அடையாளச் சட்டமும் வந்தது. அதற்குப் பதிலாக 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம் ரேகையோடு உயிரியல் மாதிரிகளையும் சேர்த்துக்கொண்டது. பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களிலும், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனையுள்ள குற்றங்களிலும் கைதானவர் மாதிரி தரமாட்டேன் என்று சொல்ல முடியாது. 2019இல் மக்களவைக்கு வந்த தனி டி.என்.ஏ. மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது. மசோதா போனாலும் ரத்தம் எடுக்கும் அதிகாரம் போகவில்லை.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. மறு ஆண்டு, அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களிடமே ரத்தம் கேட்டது விசாரணை. சிலர் மறுத்தார்கள், நீதிமன்ற ஆணையோடுதான் எடுக்க முடிந்தது. 2025இல் அதே குடியிருப்பின் மூவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. வழக்கின் முடிவு எதுவாகவும் இருக்கட்டும். என் அக்கறை ‘தரமாட்டோம்’ என்ற அந்தச் சொல்மீது. ஒளிக்க ஏதோ இருப்பதால்தான் மறுக்கிறார்கள் என்பது அதிகாரத்தின் வாசிப்பு. பதிவேட்டில் ஒருமுறை ஏறினால் பிள்ளைகளும் சேர்ந்து ஏறுவார்கள் என்பது பெருங்காமநல்லூருக்கு 1920லேயே தெரிந்திருந்தது. மரபணு பற்றி நம் ஊர்க்காரர்கள் எழுதவேண்டிய வரலாற்றில் அந்த மறுப்புக்கு முதல் அத்தியாயம் தர வேண்டும்.