புகைக்கரி முதல் நானோ கார்பன் வரை: திருவள்ளூர் மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

திருவள்ளூர் மாவட்டத்துக் கடம்பத்தூர் வழியாகப் போகும் எந்த லாரியின் டயரிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கார்பன் பிளாக் இருக்கும். ரப்பரைக் கறுப்பாக்குவதும், சாலையில் தேயாமல் தாங்கவைப்பதும் இந்தக் கரித்தூள்தான். இதன் அடிப்படைத் துகள்கள் பெரும்பாலும் 10 முதல் 100 நானோமீட்டர் அளவுடையவை. நானோ பொருள் எது என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் வகுத்த வரையறைக்குள் கார்பன் பிளாக் அடங்கிவிடுகிறது. ஆய்வகத்தைத் தாண்டாத எத்தனையோ நானோ பொருட்களுக்கு நடுவே, இது உலகெங்கும் ஆண்டுதோறும் கோடி டன்னுக்கு மேல் உற்பத்தியாகிறது. அதில் ஒரு பகுதி இதே மாவட்டத்தின் வட எல்லையில், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் உருவாகிறது. பயன் முதலில் வந்தது, அளவறியும் அறிவு பின்னால் வந்தது என்பதே இந்தப் பொருளின் வரலாறு.

எண்ணெய் விளக்கின் புகையைத் தட்டில் பிடித்துக் கண்மை செய்வது தமிழ் வீடுகளின் பழைய வழக்கம். எழுத்தாணியால் கீறிய ஓலைச்சுவடியில் எழுத்து தெளியத் தடவியதும் விளக்குக்கரிதான். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளின் கருமைப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக வேலூர் விஐடி ஆய்வாளர்கள் 2020-இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் எழுதினார்கள். அந்த ஓடுகளின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு. பழந்தமிழருக்கு நானோ தொழில்நுட்பம் தெரிந்திருந்தது என்று இதைக் கொண்டு சொல்வது பிழை. தாவரப்பொருளும் சூளையின் வெப்பமும் சேர்ந்து அத்தகைய கார்பனைத் தந்திருக்கலாம், அந்தப் பூச்சு நிலைத்து நின்றது, அவ்வளவே. வேண்டிய அளவில் வேண்டியபோது செய்ய முடிவதுதான் தொழில்நுட்பம்.

அந்த நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. தொடக்ககால டயர்கள் வெளிறிய நிறத்தில் இருந்தன. துத்தநாக ஆக்சைடு போன்றவற்றையே ரப்பரில் கலந்தார்கள். 1904 வாக்கில், லண்டனின் சில்வர்டவுன் ரப்பர் ஆலையில் எஸ். சி. மோட் என்பவர் கார்பன் பிளாக் ரப்பரை வலுவாக்குவதைக் கண்டார். 1910-களில் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனம் அதை டயருக்குக் கொண்டுவந்தது. ஏன் வலுவாகிறது என்பதை அன்று யாராலும் விளக்க முடியவில்லை. 1940-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் துகள்களின் உருவம் கண்ணுக்குப் புலப்பட்டது. திராட்சைக் கொத்துப்போல ஒட்டிப் பிணைந்த உருண்டைகள் அவை. ரிச்சர்ட் ஃபைன்மன் அணுக்களை ஒவ்வொன்றாக அடுக்குவது பற்றி உரையாற்றியது 1959-இல். ‘நானோ டெக்னாலஜி’ என்ற சொல்லை நோரியோ தானிகுச்சி பயன்படுத்தியது 1974-இல். அதற்குள் நானோ துகள்கள் டயர்களில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓடியிருந்தன.

வலுவுக்குக் காரணம் மேற்பரப்பு. டயர்களில் பரவலாகப் பயன்படும் என்330 என்ற கிரேடில் ஒரு கிராமின் மேற்பரப்பு ஏறத்தாழ 78 சதுர மீட்டர், அதாவது 840 சதுர அடி. ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அந்தப் பரப்பில் பற்றிக்கொள்வதால் அறுபடாமலும் உராய்வில் கழன்றுவிடாமலும் நிற்கின்றன. துகள் சிறுக்கச் சிறுக்கப் பரப்பு கூடும். அதனால்தான் சாலையில் உராயும் டிரெட்டுக்கு என்220 போன்ற நுண்ணிய கிரேடும், உட்புற அடுக்குகளுக்கு என்660 போன்ற பருத்த கிரேடும் போகின்றன.

இந்த அளவைத் தீர்மானிப்பது உலை. கரிம எண்ணெயைச் சூடேற்றி, போதிய காற்றில்லாத தீயில், 1,300 டிகிரி செல்சியஸுக்கு மேலான வெப்பத்தில் பீய்ச்சுகிறார்கள். மில்லி வினாடிகளில் துகள் பிறக்கிறது. உடனே நீரைத் தெளித்து வளர்ச்சியை நிறுத்துகிறார்கள். எந்த இடத்தில், எத்தனை வேகத்தில் நீர் விழுகிறது என்பதைப் பொறுத்தும் கிரேடு மாறும். பிறகு துணிப்பை வடிகட்டிகளில் தூளைப் பிடித்து, நீர் சேர்த்துக் குருணையாக்கி உலர்த்துகிறார்கள். மிஞ்சும் வாயுவை எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள். விளக்குத் தட்டில் தற்செயலாகப் படிந்த கரிக்கும் இதற்கும் உள்ள தூரம் இந்தக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது.

இந்த வட்டாரத்துக்குக் கார்பன் பிளாக் தொழில் ரப்பரின் வழியாக வந்தது. 1946-இல் திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய பட்டறைதான் எம்ஆர்எஃப். 1952-இல் அது டிரெட் ரப்பருக்கும், 1960-களில் டயருக்கும் நகர்ந்தது. அம்பத்தூரில் டன்லப் ஆலை எழுந்தது. 1990-களின் பிற்பகுதியில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இன்றைய பிர்லா கார்பனின் கார்பன் பிளாக் ஆலை வந்தது. தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் மிஷ்லின் டயர் ஆலை அமைந்தது. அருகிலேயே பிசிபிஎல் நிறுவனம் ஆண்டுக்கு 1,47,000 டன் திறனுக்குத் திட்டமிட்ட கார்பன் பிளாக் ஆலையின் முதல் கட்டம் 2023-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தேர்வாய்கண்டிகையில் மேய்ச்சல் நிலத்தை இழப்பதை எதிர்த்து ஊர்மக்கள் போராடியதையும் இந்த வரலாறு விட்டுவிடக் கூடாது. ஆலைக்கு நிலம் வந்த வழியும் தொழில் வரலாற்றின் ஒரு பகுதியே.

இதற்கிடையே டயரில் கார்பன் பிளாக்குக்கு ஒரு போட்டியும் வந்தது. 1992-இல் மிஷ்லின் அதன் ஒரு பகுதிக்குப் பதிலாக நுண்ணிய சிலிக்காவைக் கலந்து, உருளும்போது ஏற்படும் ஆற்றல் இழப்பைக் குறைத்தது. கார்பன் பிளாக்கும் வேறு இடங்களுக்குப் பரவியது. லித்தியம் அயான் பேட்டரியின் மின்முனையில் துகள்களுக்கிடையே மின்னோட்டத்துக்கு வழி கொடுப்பது அதுதான். அதன் உறவான கார்பன் நானோகுழாய்களால் ஆன 178 டிரான்சிஸ்டர்களைக் கொண்டு 2013-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சிறு கணினியே செய்தார்கள். நுண்மையின் பயன் கார்பனோடு நிற்கவில்லை. மருத்துவத்தில், 100 நானோமீட்டருக்குள் அடங்கும் கொழுப்புக் குமிழில் புற்றுநோய் மருந்தை அடைத்த டாக்சில் 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழு உருவாக்கிய இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு நானோ கலவை, குடிநீரிலுள்ள ஆர்செனிக்கைத் தன் பரப்பில் பிடித்துவைக்கிறது. டயரிலும் குடிநீர் வடிகட்டியிலும் வேலை செய்வது அதே மேற்பரப்புத் தத்துவம்.

எந்த நுண்மை பயன் தருகிறதோ அதுவே கவலையும் தருகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை கார்பன் பிளாக்கை 2பி பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற வரிசையில் வைத்திருக்கிறது. விலங்குகளில் சான்று போதுமானது, மனிதரிடம் போதாது என்பது அதன் மதிப்பீடு. ரப்பரில் பிணைந்தபின் துகள் எளிதில் பறப்பதில்லை. ஆகவே ஆபத்து அதிகம் உள்ளவர்கள் டயர் வாங்குபவர்கள் அல்லர், மூட்டை கட்டுபவர்களும் வடிகட்டிப்பை மாற்றுபவர்களும் மிக்சரில் தூள் கொட்டுபவர்களும். தூசி வெளியேறாத குழாய் ஏற்பாடும், சரியான முகக்கவசமும், நுரையீரல் பரிசோதனையும் ஒப்பந்தத் தொழிலாளர் வரை போய்ச் சேர வேண்டும்.

அடுத்த சிக்கல் பழைய டயர். 2022-இல் வந்த விதிகள் கழிவு டயரின் மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைக்கின்றன. டயரைக் காற்றில்லாமல் சூடாக்கினால் எண்ணெயும் வாயுவும் இரும்புக் கம்பியும் கரியும் பிரியும். அந்தக் கரியில் துத்தநாக ஆக்சைடும் சிலிக்காவும் சாம்பலாகத் தங்கிவிடுகின்றன, துகளின் பரப்பிலும் புதுக்கரி படிந்துவிடுகிறது. அதனால் அது என்220-இன் இடத்தை நிரப்ப முடிவதில்லை. அரைத்துச் சீராக்கி, வலு குறைவாகத் தேவைப்படும் ரப்பர் பொருட்களிலும், டயரில் சிறு விகிதத்திலும் மட்டுமே இப்போது சேர்க்கிறார்கள்.